காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நவீன நடனம் பார்க்கப் போவது எப்படி?

மார்கழிக் கச்சேரிக்குப் பட்டணம் போய்ப் பழகியவர்கள்கூட நவீன நடனத்தில் முதல்முறை தடுமாறுவார்கள். சபாக்காரர்கள்போல மாதம் முழுவதற்கும் பட்டியல் அச்சடித்துத் தர ஆளில்லை. பெரும்பாலும் ஒரு மாலை, மிஞ்சினால் இரண்டு மாலை, அதோடு சரி.

படி 1: அறிவிப்பைப் பிடிப்பது

நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட் கோத்தே இன்ஸ்டிட்யூட், எழும்பூர் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகர் கடற்கரை அருகே நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த ஸ்பேசஸ் வளாகம். இந்த நான்கு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இவற்றின் பக்கங்களையும் நர்த்தகி இணையதளத்தின் நிகழ்ச்சிப் பட்டியலையும் பார்த்தால் போதும். பத்மினி செட்டூர், ப்ரீத்தி ஆத்ரேயா போன்ற சென்னைக் கலைஞர்களின் பக்கங்களைத் தொடர்வது இன்னும் நல்லது. அரங்கம் சொல்லுமுன் ஆடுபவர் சொல்லிவிடுவார்.

படி 2: அறிவிப்பை வாசிப்பது

பலர் தேதியையும் இடத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் மற்ற வரிகளில்தான் இருக்கிறது.

'60 நிமிடம், இடைவேளை இல்லை' என்றால் நடுவில் எழுந்து காபி குடிக்க முடியாது. 'வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்றால் இன்னும் முடியாத படைப்பு; முதல்முறை போகிறவர் இதைத் தவிர்க்கலாம். 'போஸ்ட் ஷோ டாக்' என்றால் ஆட்டம் முடிந்தபின் கலைஞரோடு உரையாடல் உண்டு. கூடுதலாக அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். 'ப்ளாக் பாக்ஸ்' என்பது கறுப்புச் சுவர் கொண்ட சிறு அறை. மேடை உயரம் இருக்காது, இருக்கைகளும் குறைவு. 'அனுமதி இலவசம்' என்று போட்டிருந்தாலும் முன்பதிவு கேட்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போவதானால் வயது வரம்பையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: போகும் ரயில்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நடன அறிவிப்போ அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வரும். அதற்குள் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும். கிடைக்கவில்லை என்றால் தட்கல்: புறப்படும் நாளுக்கு முந்தின நாள் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி.

பல்லவன் விரைவு வண்டி இதற்கென்றே விட்டதுபோல. விடியுமுன் காரைக்குடியில் ஏறினால் நண்பகல்வாக்கில் சென்னை. வண்டி எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மியூசியம் தியேட்டர் எழும்பூர் நிலையத்திலிருந்து ஆட்டோவில் எட்டும் தூரம்தான்.

படி 4: அரங்கில்

அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ப்ளாக் பாக்ஸில் தாமதமாக வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். அது வீம்பு இல்லை: கதவு திறந்தால் வெளி வெளிச்சம் ஆடுபவர் மேலேயே விழும், இருட்டைக் கொண்டு கட்டிய காட்சி குலைந்துவிடும். கைபேசியை அதிர்வில் வைத்தாலும் போதாது, அணைத்துவிடுங்கள். இசையே இல்லாத பகுதிகள் வரும். ஏசி குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும்.

படி 5: எதைப் பார்ப்பது

கதை என்ன, முகபாவம் எங்கே என்று தேடினால் பத்தாவது நிமிடத்திலேயே அலுப்பு வந்துவிடும். இங்கே உடம்பே பொருள். சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா'வில் பரதநாட்டியத்தோடு கேரளப் போர்க்கலையான களரியையும் யோகத்தையும் சேர்த்து வைத்தபோது, கண்ணனும் நாயகியும் இல்லாமலே முதுகெலும்பை நம்பி ஒரு மாலையை நடத்த முடியும் என்று காட்டினார். அந்தத் தடத்தில் வந்தவற்றில் வேகம் குறைவு, கவனம் அதிகம்.

மூன்றைக் கவனியுங்கள். உடல் எடை எந்தக் காலில், எந்தக் கையில் இருக்கிறது, எப்போது மாறுகிறது? இருவர் ஆடினால், நடுவிலுள்ள இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா? ஒரே அசைவு திரும்ப வரும்போது எது மாறியிருக்கிறது? இந்த மூன்றாவதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாமல் போகும். கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள்: ஓலை மேலே, கீழே, மேலே, கீழே, பார்த்துக்கொண்டே இருக்கையில் எங்கோ நிற ஓலை நுழைந்து கட்டம் விழுந்திருக்கும். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

நடுவில் கைதட்ட வேண்டாம். முடிவில் விளக்கு அணைந்து மறுபடி எரியும், அப்போது தட்டுங்கள். புரியவில்லை என்றால் உரையாடலில் 'அந்த இடத்தில் ஏன் அவ்வளவு நேரம் நின்றீர்கள்?' என்று குறிப்பாகக் கேளுங்கள். 'இதன் கருத்து என்ன?' என்று கேட்டால் கிடைப்பது பொதுவான பதில்தான்.

படி 6: திரும்புவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் ரயில்கள் மாலையிலேயே கிளம்பிவிடும். ஏழு மணி ஆட்டத்துக்குப் போனவருக்கு அவை ஆகாது. மீதி இருப்பது பேருந்து. தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து இல்லை, கிளாம்பாக்கத்திலிருந்து. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறி வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து நிலையம். ஆட்டம் முடிந்து இதற்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஏழு மணி ஆட்டம், 60 நிமிடம், அரை மணி உரையாடல் என்றால் பத்தரைக்குப் பிறகு புறப்படும் பேருந்தில் இருக்கை போடுங்கள். ராத்திரிப் பயணம் ஆகாதவர்கள் எழும்பூரில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் பிற்பகல் கிளம்பும் பல்லவனிலேயே ஊர் வந்து சேரலாம். மார்கழி சீசனில் மட்டும் அறையை டிக்கெட்டுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.