இரவு 11:35 நிகழ்ச்சியை முழுதாகப் பார்ப்பது எப்படி

நியூவார்க் விமான நிலையத்துக்கு அருகில் ஓர் ஓட்டலில் ஒன்பது ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தேன். பதினொரு மணிக்குப் பொறுப்பேற்று, கல்லாவை எண்ணி, அன்றைய கணக்கை அச்சுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் மணி 11:35 ஆகியிருக்கும். முன்கூடத்துத் தொலைக்காட்சியில், சிபிஎஸ் நிறுவனத்தின் சேனலில், உள்ளூர்ச் செய்தி முடிந்து லேட் ஷோ என்ற இரவு உரையாடல் நிகழ்ச்சியோடு டேவிட் லெட்டர்மேன் வருவார். சாத்தூரில் தமிழ்வழியில் படித்த எனக்கு அமெரிக்க ஆங்கிலம் காதில் பழகியது அந்த முன்கூடத்தில்தான்.

லெட்டர்மேனுக்குப் பின் அதே நிகழ்ச்சியை நடத்தியவர் ஸ்டீவன் கோல்பேர். அவர் நாளில் என் அக்கா மகன் நான்கு நிமிடக் காணொளித் துணுக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, "நேற்றைய கோல்பேரைப் பார்த்துவிட்டேன், மாமா" என்பான். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அவன் பார்த்தது ஒரு துண்டு. பந்தியில் அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தவன் விருந்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீவன் கோல்பேரின் லேட் ஷோ 2026 மே மாதத்துடன் முடியும் என்று சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. அந்த நேரத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகம் பேர், ஓர் இரவுக்குச் சுமார் 24 லட்சம் பேர், பார்த்த நிகழ்ச்சி அது. பணக்கணக்கு மட்டுமே காரணம் என்றது சிபிஎஸ். தாய் நிறுவனத்தை கோல்பேர் விமர்சித்த சில நாள்களில் அறிவிப்பு வந்ததால் பலர் அதை நம்பவில்லை. ஆனால் பணம் வற்றியது உண்மை. இரவு உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு வந்த விளம்பர வருமானம் 2018இல் சுமார் 43.9 கோடி டாலர். 2024இல் 22 கோடி. அதற்கு முன்பே, 2023இல், இதே வகை நிகழ்ச்சி நடத்திய ஜேம்ஸ் கார்டன் விடைபெற்றார். டுநைட் ஷோ நடத்தும் ஜிம்மி ஃபாலன் வாரத்துக்கு ஐந்து இரவிலிருந்து நான்கு இரவுக்கு இறங்கினார்.

எந்த நாளை எடுப்பது

பெரிய நட்சத்திரம் வந்த நாளைத் தேடாதீர்கள். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையை எடுங்கள். சாதாரண நாளில்தான் இவர்களின் தொழில் தெரியும். அமெரிக்காவில் இருந்தால் ஃபாலனும், இதே வகை நிகழ்ச்சி நடத்தும் செத் மேயர்ஸும் பீகாக் என்ற இணையத் தளத்திலும், ஜிம்மி கிம்மல் ஹூலு தளத்திலும் முழுதாகக் கிடைப்பார்கள். மற்ற நாடுகளில் இருந்தால் யூடியூப்தான் கைகொடுக்கும். அங்கே நிகழ்ச்சியை நறுக்கித்தான் போடுவார்கள். ஒரே தேதியின் துண்டுகளைப் பொறுக்கி இப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்: நின்றபடி பேசும் தொடக்கவுரை, மேசைக்குப் பின்னால் அமர்ந்து செய்யும் பகுதி, முதல் விருந்தினர், இரண்டாம் விருந்தினர், கடைசியில் பாட்டு அல்லது மேடை நகைச்சுவை. கணினியில் ஐந்து நிமிட வேலை.

பழையது வேண்டுமென்றால் லெட்டர்மேனுக்கும் ஜானி கார்சனுக்கும் யூடியூபில் சேனல்கள் உள்ளன. கார்சன் 1962 முதல் 1992 வரை டுநைட் ஷோவை நடத்தியவர். அவருடைய முதல் பத்தாண்டு ஒளிநாடாக்களில் பெரும்பகுதியை, அதை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் பாதுகாக்காமல் அழித்துவிட்டது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்றைய செய்தியை முதலில் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் மற்றவை எதுவும் உதவாது. தொடக்கவுரை நகைச்சுவை காலையில் எழுதி, மாலையில் ஒளிப்பதிவாகி, இரவே ஒளிபரப்பாகும் சரக்கு. பூக்கடைச் சரக்கு போல, அன்று விற்றால்தான் உண்டு. எனவே நிகழ்ச்சியின் தேதியைப் பார்த்து, அந்த நாளின் அமெரிக்கத் தலைப்புச் செய்திகள் நான்கைந்தைப் படித்துவிட்டு உட்காருங்கள். புரியாமல் நழுவும் சிரிப்புகளில் பாதி அப்போதே கைக்கு வந்துவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையத் தளங்களில் இந்த வகை நிகழ்ச்சி வேர்பிடிக்காததற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். மூன்று ஆண்டு கழித்தும் ஒருவர் தேடிவந்து பார்ப்பார் என்ற கணக்கில்தான் அவர்கள் பணம் போடுகிறார்கள். பழைய தொடக்கவுரையை யார் தேடுவார்? நெட்ஃபிளிக்ஸ் 2016இல் செல்சி ஹேண்ட்லரையும் 2018இல் மிஷெல் வுல்ஃப், ஹசன் மின்ஹாஜ் இருவரையும் வைத்து முயன்றது. மூன்றும் நீடிக்கவில்லை. இன்னொரு பக்கம், தொலைக்காட்சி நிறுவனங்களே நல்ல துண்டுகளை மறுநாள் காலைக்குள் யூடியூபில் இலவசமாகக் கொடுத்தன. பார்வைகள் கோடிக்கணக்கில் ஏறின. தொலைக்காட்சி விளம்பரம் தந்த காசை அவை தரவில்லை.

பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். புலவர் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" இல்லாவிட்டால் கதை நகராது. கார்சனுக்கு அறிவிப்பாளர் எட் மக்மஹான், லெட்டர்மேனுக்கு இசைக்குழுத் தலைவர் பால் ஷாஃபர். ஒரு நகைச்சுவை எடுபடாமல் போனதும் லெட்டர்மேன் ஷாஃபர் பக்கம் திரும்புவார். அங்கிருந்து ஒரு சொல்லோ இரண்டு சுரமோ வரும், அரங்கம் சிரித்துவிடும். துணுக்கு நறுக்குபவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்தத் தோல்வியையும் மீட்சியையும்தான். செலவைக் குறைக்க முதலில் கைவைத்ததும் இங்கேதான்: 2024இல் செத் மேயர்ஸ் நிகழ்ச்சியின் இசைக்குழு நிறுத்தப்பட்டது.

இரண்டாம் விருந்தினரைத் தாண்டிப் போகாதீர்கள். முதலில் வருபவர் தன் படத்தை விற்க வந்தவர். பின்னால் வருபவர் பெரும்பாலும் உங்களுக்குப் பெயர் தெரியாதவர். கார்சன் நாளில் புதிய நகைச்சுவைக் கலைஞர் தன் பங்கை முடித்ததும், அவரை சோஃபாவுக்குக் கைகாட்டி அழைப்பாரா என்று துறையே பார்த்துக்கொண்டிருக்கும். 1986இல் எலன் டிஜெனரஸை முதல் வருகையிலேயே அப்படி அழைத்தார். அதுவரை எந்தப் பெண் கலைஞருக்கும் அது கிடைத்ததில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சேனலைப் பார்த்ததால் அந்தக் கையசைவுக்கு அத்தனை மதிப்பு.

ஒரே ஒரு இரவுதான் பார்க்க முடியும் என்றால்

2001 செப்டம்பர் 17, திங்கள். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த ஆறாம் நாள். அன்றுதான் லெட்டர்மேன் திரும்பி வந்தார். விமானங்கள் அப்போதுதான் மெல்லப் பறக்கத் தொடங்கியிருந்தன. ஊர் திரும்ப முடியாத பயணிகள் எங்கள் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். தூக்கம் வராமல் மூன்று பேர் முன்கூடத்துக்கு இறங்கி வந்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டாம் எண் சேனலை வைத்தேன்.

வழக்கமான ஆரவாரம் இல்லை. நின்று பேசவும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சொற்களைத் தேடித் தேடிப் பேசினார். தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் பற்றிச் சொன்னார். வறட்சியில் அடிபட்ட மொன்டானாவின் ஷோட்டோ என்ற சிற்றூர் மக்கள் நியூயார்க்குக்காகக் கூடிப் பணம் திரட்டியதைச் சொன்னார். பிறகு விருந்தினராக வந்த செய்தியாளர் டான் ராதர் பேசும்போதே உடைந்து அழுதார். லெட்டர்மேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்கூடத்தில் ஒருவர் காபிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நாங்கள் நால்வரும் ஒரு வீட்டு மனிதர்கள்.

இதைப் பார்ப்பதற்கு முன் அவருடைய சாதாரண நாள்கள் நான்கைந்தையாவது பார்த்துவிடுங்கள். தினமும் சிரிக்கவைத்து ஈட்டிய உறவை வைத்துத்தான் அவரால் அன்று அப்படிப் பேச முடிந்தது.

நேரில் போவதென்றால்

ஃபாலன், மேயர்ஸ் இருவரின் ஒளிப்பதிவும் மன்ஹாட்டனில் ராக்கஃபெல்லர் பிளாசா 30ஆம் எண் கட்டடத்தில் நடக்கிறது. கார்சன் கலிபோர்னியாவுக்குப் போகும் முன் பயன்படுத்திய 6பி அரங்கில்தான் இப்போது ஃபாலன் இருக்கிறார். டிக்கெட் இலவசம், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். காலி இருக்கை இருக்கக் கூடாது என்று கூடுதலாகவே டிக்கெட் கொடுப்பார்கள், அதனால் டிக்கெட் கையில் இருந்தாலும் நேரத்தோடு போய் வரிசையில் நின்றுவிடுங்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். நான் ஒருமுறை லெட்டர்மேனின் எட் சல்லிவன் அரங்குக்குப் போனபோது உள்ளே மார்கழி விடியற்காலை போல இருந்தது. அவர் வேண்டுமென்றே அப்படிக் குளிரவைப்பார்.

உள்ளே போனதும் கேமராவுக்குப் பக்கத்தில் அட்டை பிடித்து நிற்பவரைக் கவனியுங்கள். பெரிய வெள்ளை அட்டைகளில் கையால் எழுதிய நகைச்சுவை; ஒன்று முடிந்ததும் சத்தமில்லாமல் அடுத்தது மேலே வரும். ஃபாலன் அரங்கில் விளம்பர இடைவேளையில் இசைக்குழு வாசிப்பதும், மேசையருகே எழுத்தாளர்கள் குனிந்து நின்று எதையோ மாற்றுவதும் எந்தத் திரையிலும் வராது.

மாலையிலேயே வெளியே வந்துவிடுவீர்கள். ஒளிபரப்புக்கு இன்னும் பல மணி நேரம் இருக்கும். நான் அன்று ரயிலேறி நேராக வேலைக்குப் போனேன். கல்லாவை எண்ணி முடித்து, 11:35க்கு ஒலியைக் கூட்டி வைத்து, அந்தச் சிரிப்பில் என் சிரிப்பு எது என்று தேடினேன். நீங்களும் அன்றிரவே போட்டுப் பாருங்கள்.