மாணவர் விசா முடிந்தபின் மறுமணத்தின் வழியே கிரீன் கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூர், இந்திரா நகர் போன்ற பகுதிகளில் வாழும் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற மகளோ மகனோ, முதல் திருமணம் முறிந்தபின் அங்கேயே ஓர் அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கும்போது, வீட்டார் முதலில் கலங்குவது மாணவர் விசாவின் காலம் முடிந்துவிட்டதே என்றுதான். முறையாக எல்லை அதிகாரியின் சோதனைக்கு உட்பட்டு நாட்டுக்குள் நுழைந்தவர், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை உண்மையாகவே மணந்திருந்தால், காலம் கடந்து தங்கியதும் அனுமதியின்றி வேலை பார்த்ததும்கூடத் தம்மளவில் ஐ-485 விண்ணப்பத்தை, அதாவது அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பத்தை, தடுப்பதில்லை. ஆனால் வீட்டார் சாதாரணமாக நினைக்கும் இரண்டு செயல்கள், அதாவது கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து போவதும் முதல் திருமணத்தைச் சொல்லாமல் விடுவதும், பல ஆண்டுகளைப் பறித்துவிடக்கூடியவை.

முதலில் பயணத்தைப் பார்ப்போம். சட்டவிரோதத் தங்கல் 180 நாட்களைத் தாண்டியபின் நாட்டைவிட்டு வெளியேறுபவருக்கு 3 ஆண்டுகளும், அது ஓராண்டை எட்டியிருந்தால் 10 ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை உண்டு. அந்தத் தடை உயிர்பெறுவதே வெளியேறும்போதுதான். உள்ளேயே இருந்து விண்ணப்பிப்பவரை அது தொடுவதில்லை. நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில் தங்கும் கெடுவாக ஒரு தேதிக்குப் பதிலாக ‘டி/எஸ்’ (மாணவர் அந்தஸ்து நீடிக்கும்வரை) என்று குறிக்கப்பட்ட மாணவருக்கு, குடிவரவுத் துறையோ குடிவரவு நீதிபதியோ அந்தஸ்து மீறப்பட்டதாக முறைப்படித் தீர்மானிக்கும்வரை அந்த நாட்கணக்கு பொதுவாகத் தொடங்குவதில்லை. ஆனால் இதை நம்பி விமானம் ஏறுவது தவறு. தடை இல்லாவிட்டாலும் திரும்பிச் செல்லக் கையில் விசா இருக்காது. ஐ-485 கொடுத்தபின், வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே பெறும் ‘அட்வான்ஸ் பரோல்’ அனுமதி கைக்கு வராமல் கிளம்பினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தியாக இருந்தாலும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும், வழக்கறிஞரிடம் கேட்காமல் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். இது எவ்வளவு கடினமான வேண்டுகோள் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மறுமணம் செய்பவர் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா என்பதை விசாரிக்காமல் விடுவது அடுத்த பிழை. மேலே சொன்ன மன்னிப்பு குடிமக்களின் வாழ்க்கைத் துணைக்கு உரியது. கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்தால், மாணவர் அந்தஸ்தை இழந்தவர் பொதுவாக அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு மாற முடியாது.

இந்தியக் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது விவாகரத்துப் பத்திரத்தில்தான். மறுமணம் நடக்கும் நாளில் முதல் திருமணம் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிய திருமணமும் செல்லாது, அதை நம்பி அமெரிக்கத் துணை கொடுத்த ஐ-130 என்னும் குடும்ப உறவு மனுவும் நிற்காது. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையொப்பம் பெற்ற பிரிவு விவாகரத்து ஆகாது. சில சமூகங்களின் வழக்காற்று விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்றாலும், அப்படியொரு வழக்கம் இருப்பதை நிரூபிக்கும் சுமை நம்மேல்தான் விழும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் 13பி பிரிவின்படி முதல் மனுவுக்கும் இறுதிக் கட்டத்துக்கும் இடையே ஆறு மாத இடைவெளி உண்டு. தக்க சூழலில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் மனு போட்டதையே காரியம் முடிந்ததாக எண்ணி முகூர்த்தம் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். வழக்காடிப் பெற்ற தீர்ப்பாக இருந்தால், 15-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக் காலம் கழிந்த பிறகே மறுமணம் செய்யலாம். அமெரிக்க நீதிமன்றத்தில் ஒருவர் மட்டும் ஆஜராகிப் பெறும் விவாகரத்து அங்கே செல்லுபடியாகலாம். ஆனால் 1991-இல் ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கடலட்சுமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி அது இந்தியாவில் ஏற்கப்படாமல் போகலாம். அப்போது இங்கே முதல் திருமணம் இன்னும் உயிரோடிருக்கும்.

தாள்களை எடுத்து ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்ப்பில் ‘ஆர். மீனாட்சி’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் கடைசியில் சேர்ந்த ‘மீனாட்சி ராமசாமி’, பழைய கல்யாணச் சான்றிதழில் முன்னாள் கணவரின் பெயரோடு இன்னொன்று என மூன்றும் ஒருவரையே குறிப்பது நமக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. பெயர் வேறுபாட்டை விளக்கும் பிரமாணப் பத்திரமும், கன்னடத்திலோ தமிழிலோ உள்ள சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு கூடிய முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலும் முன்னதாகவே தயாராக இருக்கட்டும்.

முதல் திருமணம் அவமானம் என்று எண்ணி மறைப்பதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. விசா விண்ணப்பத்தில் திருமண நிலை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். புதிய படிவங்கள் முந்தைய எல்லாத் திருமணங்களையும் கேட்கும். பலன் பெறுவதற்காக முக்கியமான உண்மையைத் திரித்துச் சொன்னதாக முடிவானால், விலக்கு கிடைத்தாலன்றி அது வாழ்நாள் தடை. வேலையில் சேரும்போது நிரப்பும், வேலை பார்க்கும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் தம்மை அமெரிக்கக் குடிமகன் என்று குறித்தவருக்கு நிலைமை இன்னும் கடுமை: அனுமதியின்றி வேலை பார்த்தது மன்னிக்கப்படும், அந்தப் பொய்க்கு ஏறக்குறைய விலக்கே இல்லை. முந்தைய திருமணம் குடிவரவுக்காக மட்டுமே செய்யப்பட்டது என்று கண்டறியப்பட்டிருந்தால், அடுத்த திருமணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் மனு ஏற்கப்படாது.

முதல் திருமணத்துக் குழந்தை இருந்தால், அது 18 வயதை எட்டுமுன் மறுமணம் நடந்திருந்தால்தான் மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ அதற்காக மனுச் செய்ய முடியும். தாயின் மனுவில் குழந்தை தானாகச் சேராது; தனி ஐ-130 வேண்டும். பெங்களூரில் பாட்டி வீட்டில் வளரும் குழந்தைகள் இந்த ஒரு விவரம் தெரியாததால் பின்தங்கிவிடக் கூடாது.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையுமுன் ஒப்புதல் கிடைத்தால், வருவது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை கிரீன் கார்டே. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைக் கொடுக்க வேண்டும். ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருப்பது நாடுகடத்தல் நடவடிக்கைக்கு எதிரான கவசம் அல்ல. நிராகரிக்கப்பட்டால் நீதிமன்ற அழைப்பாணை வரலாம். ஆகவே படிவங்களை இங்குள்ள விசா கன்சல்டன்ட் நிரப்பித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட்டு, அமெரிக்காவில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞரிடம், கையொப்பமிடும் முன்பே, முதல் திருமணம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.