பதினெட்டோடு நிறுத்தாதீர்கள்: பிள்ளையைப் பொறுப்பெடுப்போர் விடும் பிழைகள்

தை மாதம் பிறந்தால் எங்களுக்கு வெளிநாட்டு அழைப்புகள் கூடும். தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளையைப் படிப்பிக்க வேண்டும், இல்லத்தில் விடாமல் இனசனத்தின் வீட்டிலேயே வளர உதவ வேண்டும் என்று கேட்பார்கள். மனம் குளிரும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வடமராட்சியிலும் தீவகத்திலும் அப்படியான வீடுகளுக்குப் போய்வருகிறவள் நான். புதிதாக வருகிறவர்கள், தொடக்கத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகளை அச்சுப் பிசகாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வங்கி வழியாக அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள், விதானையாரிடம் விசாரியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் வாங்கிக் கொடுப்பது

வேலணைப் பக்கம் ஒரு வீடு. பெற்றோர் இருவரையும் இழந்த பொடியனைச் சித்தி வளர்க்கிறார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கும் இந்தப் பொடியனுக்கும் ஒரே வகுப்பு. பொறுப்பெடுத்தவர் புதுச் சைக்கிள் வாங்கக் காசு அனுப்பினார். கூடவே, மற்றப் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று ஒரு கண்டிப்பும் வந்தது.

அடுத்த முறை நான் போனபோது சைக்கிள் கொட்டிலில் சாத்தியிருந்தது. முன் ரயர் காற்றுப் போய்க் கிடந்தது. காற்றடிக்க ஆளில்லாமல் இல்லை. ஒன்றாய்ப் படிக்கிற தம்பி நடந்து போகத் தான் மட்டும் சைக்கிளில் போகப் பொடியனுக்கு மனம் வரவில்லை. சித்தி தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு வசனம்தான் சொன்னார்: "என்ர பிள்ளையளும் பிள்ளையள்தானே, தங்கச்சி."

பிள்ளையைத் தாங்குகிறது அந்த வீடு. அங்கே ஒரு பிள்ளையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தினால், சித்தியின் மனதில் முள் தைத்துவிடும். அந்த முள்ளின் நோவு கடைசியில் நீங்கள் காப்பாற்ற நினைத்த பிள்ளைக்குத்தான். பாடநூலையும் சீருடையையும் அரசாங்கம் எல்லாப் பிள்ளைக்கும் தருகிறது. மிஞ்சுவது கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன். கொப்பியும் சப்பாத்தும் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற எல்லாப் பிள்ளைக்கும் வாங்குங்கள். சித்திக்கு ஒரு தையல் மெசினோ, நாலு கோழியோ, கூரைக்கு இரண்டு தகரமோ கொடுத்தால், அந்தப் பிள்ளை அங்கே பாரமாய் இருக்காது. ரியூசன் காசை மட்டும் பிள்ளைக்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

மரணச் சான்றிதழைக் கேட்டு நிற்பது

உதவி செய்யும் சங்கங்களின் விண்ணப்பப் படிவத்தில் முதல் இணைப்பாகத் தகப்பனின் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். இது யாழ்ப்பாணம். கடைசிப் போரில் கைக்குழந்தையாய் இருந்த பிள்ளைகள் இப்போதுதான் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். அவர்களில் சிலரின் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர். அந்தத் தாயோ அப்பம்மாவோ மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து, படத்தைப் பிடித்துக்கொண்டு வீதிப் போராட்டத்தில் இருந்திருப்பார். கொப்பிக் காசுக்காக அந்தக் கடுதாசியை எடுத்து வா என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று பதியாமலே, காணப்படாமைச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. அதையும் எடுக்காத வீடுகள் உண்டு. கிராம அலுவலரின் கடிதத்தையும் பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வயதில் நிறுத்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

பெரும்பாலான சங்கங்களின் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும்: "பிள்ளைக்குப் 18 வயது பூர்த்தியாகும் வரை." எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவரைப் பிள்ளை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் சட்டத்திலும் பராய வயது பதினெட்டு. சட்டத்துக்கு அது சரி. படிப்புக்கு அந்த வயது ஒரு முடிவுமில்லை. கணக்கைப் பாருங்கள்.

2005 மார்ச்சில் பிறந்த பிள்ளையை எடுப்போம். ஜனவரிக்குள் ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதால் 2011இல்தான் முதலாம் வகுப்பு. பதினோராம் வகுப்பில் எழுதும் 2021ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை, கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மே மாதம் நடந்தது. பல்கலைக்கழக நுழைவுக்காக இந்தப் பிள்ளை எழுதும் 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை அந்த நவம்பர் கடைசியில் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பரில் முடிந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பியது 2023 மார்ச்சில். உயர்தரப் படிப்பு அப்போதுதான் சூடு பிடிக்கும். அதாவது பரீட்சைக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கும்போதே காசு நின்றுவிடும். பிள்ளையின் படிப்பிலேயே ஆகச் செலவு கூடிய காலமும் அதுதான்.

வடமராட்சி கிழக்கில் அம்மம்மாவோடு இருந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் நடந்தது. உயிரியல் பிரிவு. வெளிநாட்டுச் சங்கமொன்று அவள் மூன்றாம் வகுப்பில் இருந்த காலம் தொட்டு ஒரு மாதமும் பிசகாமல் அனுப்பியது. அதை நன்றியோடு சொல்கிறேன். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துக் கடிதம் வந்தது. அதன் இரண்டாம் பந்தியில் எங்கள் பொறுப்பு இத்துடன் நிறைவடைகிறது என்று எழுதியிருந்தது. முன்னறிவித்தல் ஒன்றும் இல்லை. "இனிக் காசு வராதாம் அக்கா" என்று என்னிடம் கடிதத்தை நீட்டியபோது அவள் அழவில்லை. எந்த வகுப்பை முதலில் விடலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டாள்.

முதலில் விட்டது இரசாயனவியல் ரியூசன், அதற்குத்தான் காசும் கூட, நெல்லியடிக்குப் பஸ்ஸும் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்சக் காலம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவளுடைய இரசாயனவியல் கொப்பி திண்ணையில் இருந்தது. சேதன இரசாயனத்தின் முதல் பாடத்தோடு எழுத்து நின்றிருந்தது. அதற்குப் பின்னால் வந்த பக்கங்களில் அம்மம்மா சீட்டுக் காசுக் கணக்கு எழுதியிருந்தார்.

சங்கத்தாரிடம் பேசினேன். சட்டப்படி அவள் இப்போது வளர்ந்தவள், இன்னொரு சிறு பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாமே என்றார்கள். இந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் கட்டிய காசின் பலன் கைக்கு வருகிற நேரத்தில் விட்டுவிட்டு, இன்னொரு பிள்ளையை முதலாம் வகுப்பில் பிடித்து அதையும் பதினெட்டில் விடப்போகிறார்கள்.

இன்னொன்றும் அதே நாளில் நடக்கும். பிள்ளையின் பெயரில் போட்ட சிறுவர் சேமிப்பு, பதினெட்டு நிரம்பியதும் பிள்ளையின் கைக்கு வரும். மாதக் காசு நிற்கிறது, சேர்ந்த காசு திறக்கிறது. வீட்டில் நகை அடைவில் இருக்கும், நுண்கடன்காரன் ஒவ்வொரு கிழமையும் வாசலில் நிற்பான். அந்தக் காசு ரியூசனுக்குப் போகும் என்று யார் நம்புவது? அம்மம்மாவைக் குறை சொல்லவும் முடியாது.

பரீட்சையோடும் முடிவதில்லை. 2024 உயர்தர முடிவுகள் வந்தது 2025 ஏப்ரலில். பிறகு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும், பிறகு பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கிடைத்தாலும் மகாபொல உதவிப்பணம் முதல் நாளே கைக்கு வராது. இந்தக் காத்திருப்பில்தான் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்குவார்கள். பொடியனை வெளிநாட்டு முகவர் தேடி வருவார். ஒரு ஆங்கில வகுப்பும் கணினி வகுப்பும் பஸ் காசும் இருந்தால் பிள்ளை அந்த மாதங்களைக் கடந்துவிடும்.

ஆகவே பத்திரத்தில் வயதை எழுதாதீர்கள், படியை எழுதுங்கள்: பல்கலைக்கழகத்தில் உதவிப்பணம் கிடைக்கத் தொடங்கும் வரை, அல்லது தொழிற்பயிற்சி முடித்து முதற் சம்பளம் எடுக்கும் வரை. எல்லாப் பிள்ளைக்கும் கம்பஸ் கிடைக்காது. கோப்பாய்க் கல்வியியற் கல்லூரி இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அந்த வழிகளுக்கும் அதே மரியாதையோடு காசு கொடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் முடியாது என்றால் அதில் வெட்கமில்லை. ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளையை எடுக்காதீர்கள். உயர்தரம் தொடங்குகிற பிள்ளையை எடுங்கள். அந்த இரண்டு வருடம் அவளுக்குப் பத்து வருடத்துக்குச் சமன். இடையில் உங்களுக்கே வேலை போகலாம், வருத்தம் வரலாம். ஆறு மாதத்துக் காசை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்னால் பாதுகாவலருக்கும் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

2019இல் பேசிய தொகையையே அனுப்புவது

2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு விலையேற்றத்தின் வேகம் தணிந்ததே ஒழிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் பாதுகாவலரிடம் அடுத்த வருடச் செலவைக் கேட்டுத் தொகையைத் திருத்துங்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளைக்குப் பதில் வேறு பிள்ளையை "மாற்றித் தரச் சொல்வது"

கேட்காதீர்கள். பிள்ளைக்கு வயது பத்து.

வீட்டில் சரிவராவிட்டால் இல்லத்தில் விடலாம் என்பது

பாட்டிக்கு ஏலாமல் வந்தாலோ, பொடியன் ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகாவிட்டாலோ வெளிநாட்டிலிருந்து உடனே வருகிற யோசனை இது. இந்த நாட்டு இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டது. ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளும், வறுமை ஒன்றே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்கின்றன. முதலில் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். வேறு மாமியோ பெரியம்மாவோ ஏற்கத் தயாரென்றால், நன்னடத்தை அலுவலர் மூலம் நீதிமன்றத்துக்குப் போய், அவரைத் தகுந்த ஆளாக நியமித்துப் பிள்ளையை ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு கடுதாசியும் இல்லாமல் வீடு மாற்றினால், பிறகு ஒவ்வொரு அலுவலுக்கும் பாதுகாவலர் யார் என்ற கேள்வி வரும்.

பிறந்தநாள் கேக், படம், காணொளி

வேண்டாம்.

பாதுகாவலர் இல்லாமல் பிள்ளையோடு தனியாகப் பேசுவது

நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. வாட்ஸ்அப் எண் பாதுகாவலருடையதாகவே இருக்கட்டும், பேசும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த வீட்டிலேயே பிள்ளைக்கு ஏதோ பிழையாக நடக்கிறது என்று சந்தேகம் வந்தால், நீங்களாக விசாரிக்க வெளிக்கிடாதீர்கள், பாதுகாவலரிடம் கேட்டுச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். இங்கே இருக்கிற ஒருவரைக் கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அன்றைக்கே அழைக்கச் செய்யுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.