எலும்புப்புரை: டாக்டரிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘எனக்கு எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லி உட்காரும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. மூட்டுத் தேய்மானத்தையும் எலும்புப்புரையையும் நம் பேச்சில் ஒரே பெயரால்தான் சொல்கிறோம். மூட்டு தேய்ந்தால் வலிக்கும். எலும்பு புரையோடினால், முறியும் வரை பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால் பெயர் சொல்வதைவிட, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையை நீட்டுவது மேல். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் அந்த அறிக்கையின் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்தி அளவு) −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. ‘வலி இல்லை, மருந்து வேலை செய்கிறது’ என்று தகவல் சொல்வதிலும் பயனில்லை. வலி இந்த நோய்க்கு அளவுகோல் அல்ல.

கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிடும் விஷயங்கள்தான் சிகிச்சையையே மாற்றக்கூடியவை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது, இளவயது உயரத்தில் 4 செ.மீ. குறைந்தது, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது, இவற்றைக் கேட்காமலேயே சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் கால்சியம் கார்பனேட் மாத்திரை சரியாக உடலில் சேராது. டாக்டர் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றக்கூடும்.

‘மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்’ என்பது போதாத பதில். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று விவரியுங்கள். எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் சாப்பிடவும் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். விழுங்கச் சிரமம் என்றால் மறைக்க வேண்டாம், ஊசி இருக்கிறது.

ஆனால் ஊசியில்தான் பெரிய தவறு நடக்கிறது. எலும்புப்புரைக்குப் போடும் டெனோசுமாப் ஊசி 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ‘ஸ்கேன் நன்றாக வந்துவிட்டதே’ என்று அடுத்த ஊசிக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. இந்த மருந்து எலும்பில் தங்காது. அதன் பிடி விட்டதும் எலும்புச் சிதைவு முன்பைவிட வேகமெடுக்கும். ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கியதும் உண்டு. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, ‘இதை நிறுத்த நேர்ந்தால் அடுத்து எந்த மருந்து?’ என்று கேட்டுவிடுங்கள். பல் பிடுங்கும் வேலை பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். முடிந்தால் அதை முடித்துக்கொண்டு ஊசி போடுவது நல்லது. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அரிதாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். இந்த ஒரு பயத்துக்காக யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு இடுப்பு முறியும் ஆபத்துதான் பல மடங்கு அதிகம்.

தொடையிலோ இடுப்புமடிப்பிலோ புதிதாக மந்தமான வலி வந்தால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். பல ஆண்டு மருந்துக்குப் பிறகு தொடை எலும்பில் விழும் விரிசல் அப்படித்தான் தொடங்கும்.