மாடி வீட்டில் பூனை: வலை முதலில், குட்டி அப்புறம்

பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில்தான் நிற்கும் என்று நம்பி பால்கனிக் கதவைத் திறந்தே வைப்பவர்கள் நிறைய பேர். அது காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொள்ளும், உண்மைதான். அதற்காகத் தரை மெத்தையாகிவிடாது. நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டருக்கு 1984-ல் ஐந்தே மாதங்களில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சில் பலத்த அடி, பலவற்றுக்கு முகத்திலும் தாடையிலும் காயம். விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது இதனால்தான்.

வலை அடிப்பது

குட்டி வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பூனை கவனக்குறைவால் விழுவதைவிட, காக்காயையோ பல்லியையோ துரத்தும் வேகத்தில் விழுவதுதான் அதிகம்.

ஜன்னல் கிரில் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு அங்குல இடைவெளியே தாராளம். கொசுவலையை நகத்தால் கிழித்துவிடும். பால்கனிக்கு நைலான் புறா வலை போதும், ஆனால் கண்ணி சின்னதாக இருக்க வேண்டும். கடித்துப் பார்க்கும் சுபாவமுள்ள பூனை என்றால் கம்பி வலைதான் சரி.

ஆள் வந்து வலையை மாட்டியதும் காசு கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதலில் குனிந்து கீழ் விளிம்பைப் பாருங்கள். இரண்டு கொக்கிகளுக்கு நடுவே வலையை முஷ்டியால் வெளிப்பக்கம் தள்ளுங்கள். தரைக்கும் வலைக்கும் நடுவே கை நுழைகிறதா? அங்கே இன்னொரு கொக்கி அடிக்கச் சொல்லுங்கள். பூனை மேலே ஏறித் தப்பிப்பதைவிட, மூலையில் மூக்கை விட்டு நெம்பி வெளியேறுவதுதான் வழக்கம். ஏசி அவுட்டோர் யூனிட் பக்கமும் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓட்டையும் எல்லோரும் மறந்துபோகும் இடங்கள். நைலான் வெயிலில் இற்றுப்போகும், அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும்.

மணல் தட்டு

பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டு இது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பார்கள். சின்ன ஃப்ளாட்டில் ஒன்றில் தொடங்கலாம். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்தும் வாஷிங் மெஷின் சத்தத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். ஈரம் பட்டால் கட்டியாகிற பென்டோனைட் களிமண் மணல் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருக்கட்டும். ஆற்று மணலிலும் போகும். நாற்றம் உங்கள் பாடு. தினமும் அள்ளுங்கள். மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம்.

வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவருவது

வெளியே விடாமல் வளர்ப்பது பாவம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சலிப்புதான் பாவம். பூனைக்குத் தரைப் பரப்பைவிட உயரம் முக்கியம்: அலமாரி மேல், பரண், ஃப்ரிட்ஜ் மேல் ஒரு சாக்கு. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டால் அணில் பார்த்தே ஒரு காலைப் பொழுதை ஓட்டிவிடும். சாயங்காலமும் விடியலும் அது வேட்டையாடும் நேரம். படுக்கப் போகும் முன் ஒரு கயிற்றை இழுத்து பத்து நிமிடம் ஓடவிட்டு, உடனே சாப்பாடு போட்டால் இரவில் உங்கள் கால்விரலைத் தேடி வராது.

தொட்டியில் அருகம்புல் வளர்க்கலாம், மென்றுகொள்ளும். லில்லி வகைகள் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். கொஞ்சம் தின்றாலும் சிறுநீரகம் போய்விடும். அந்துருண்டை, பாராசிட்டமால், நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் மருந்து எல்லாமே பூனைக்கு விஷம். தயிர்சாதத்திலேயே வளர்க்கவும் முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

ஊசியும் ஆபரேஷனும்

வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி உண்டு. எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ். ஐந்து மாதம் நெருங்கும்போதே கருத்தடை ஆபரேஷனுக்கு டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெட்டை ராத்திரி முழுக்கக் கத்தும். கடுவன் சோஃபா, திரைச்சீலை என்று மூத்திரம் பீச்சி வைக்கும். மாடி வீட்டுச் சத்தம் மேலேயும் கீழேயும் போகும், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புக்கும் போகும்.