கையால் ஓட்டினால் ஓடுகிற பேக்கப் ஸ்கிரிப்ட் இரவில் ஏன் படுத்துவிடுகிறது?

பில்லிங் மென்பொருளின் எஸ்கியூஎல் செர்வர் எக்ஸ்பிரஸ் டேட்டாபேஸைத் தினமும் இரவு இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட்) பல அலுவலகங்களில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர்தான் அதை ஓட்டுகிறது. பகலில் டபுள் கிளிக் செய்தால் ஒழுங்காக ஓடும், காலையில் வந்து பார்த்தால் ஃபைல் போய்ச் சேர்ந்திருக்காது. ஸ்கிரிப்டைத் திருத்துவதற்கு முன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரவில் அதை ஓட்டுவது நீங்கள் அல்ல. அது வேறு லாகின், சில சமயம் வேறு கணக்கு.

எனவே முதல் வேலை, ஸ்கிரிப்டின் தலையில் 'ஹூஆம்ஐ', 'நெட் யூஸ்' என்ற இரண்டு கட்டளைகளைப் போட்டு, வெளிவருவதை ஒரு லாக் ஃபைலில் எழுத வைப்பது. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்து.) மறுநாள் லாகைத் திறந்தால் யார் ஓட்டினார்கள், எந்த இணைப்பு இருந்தது என்பது தெரிந்துவிடும். நெட்வொர்க் ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்துக் கொடுத்து நீங்கள் மேப் செய்து வைத்திருக்கும் 'இசட்:' டிரைவ் அந்தப் பட்டியலில் இருக்காது. மேப் செய்த டிரைவ் உங்கள் லாகினோடு ஒட்டியது, ஷெட்யூலருக்கு அது தெரியாது. ஸ்கிரிப்டில் டிரைவ் எழுத்தை எடுத்துவிட்டு முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள் (ரோபோகாப்பி என்பது விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளை):

ரோபோகாப்பி "டி:\பேக்கப்" "\\கணக்கு2\நகல்" விற்பனை.பேக் /ஆர்:3 /டபிள்யூ:10 /என்பி /லாக்+:டி:\பதிவு\நகல்.டிஎக்ஸ்டி

முதலில் மூல ஃபோல்டர், அடுத்து சேரும் ஃபோல்டர், கடைசியில்தான் ஃபைல் பெயர். முதல் இடத்திலேயே ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தால் பிழை 267 வரும். மேற்கோள் குறிக்கு முன்னால் சாய்கோடு வைத்து "டி:\பேக்கப்\" என்று முடிக்கவும் கூடாது. அந்தச் சாய்கோடு மேற்கோளை விழுங்கிவிடும். இரண்டு பாதைகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, காரணம் புரியாத பிழை வரும்.

/ஆர் (எத்தனை முறை மீண்டும் முயல்வது), /டபிள்யூ (இடையில் எத்தனை நொடி காத்திருப்பது) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் ரோபோகாப்பி 30 நொடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயலும். ஷெட்யூலரின் வழக்கமான அமைப்போ, பழைய ஓட்டம் முடியாதவரை புதியதைத் தொடங்காது. அதனால் கேபிள் கழன்றே கிடந்தால் அந்த ஓட்டம் முடியாமல் அடுத்தடுத்த இரவுகளும் சேர்ந்து போகும்.

லாகில் இருக்கும் பிழை எண்தான் அடுத்த வழிகாட்டி. 53 என்றால் அந்தக் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை: ஸ்லீப்புக்குப் போயிருக்கலாம், நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறி ஃபயர்வால் மறித்திருக்கலாம். பிங் போகிறதே என்று நம்பாதீர்கள், ஃபைல் பகிர்வுக்கு டிசிபி 445 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். 67 என்றால் பகிர்வின் பெயர் தவறு. 64 என்றால் பாதியில் இணைப்பு அறுந்தது. நெட்வொர்க் கார்டின் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துப் பாருங்கள். 112 என்றால் சேரும் இடத்தில் இடமில்லை. ரவுட்டரில் செருகிய யுஎஸ்பி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய வடிவில் ஃபார்மட் ஆகியிருந்தால், இடம் காலியாக இருந்தும் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது.

5 (அனுமதி மறுப்பு), 1326 (பெயரோ பாஸ்வேர்டோ தவறு) இரண்டும் கணக்கு விவகாரம். டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத அலுவலகத்தில் எளிய தீர்வு, இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் ஒரு தனிக் கணக்கு உருவாக்கி, டாஸ்க்கை அதன் பெயரில் ஓட்டுவது. பாஸ்வேர்டு வெறுமையாக இருக்கக் கூடாது. விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் பின் நம்பரும் இங்கே செல்லாது. பிறகு அனுமதி: பகிர்வுக்கான ஷேர் அனுமதி ஒன்று, ஃபோல்டருக்கே உரிய என்டிஎஃப்எஸ் அனுமதி (செக்யூரிட்டி டேபில் இருப்பது) ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் நடைமுறையில் இருக்கும். 'ஷேரில் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தாச்சே' என்று தலையைச் சொறிபவர்கள் செக்யூரிட்டி டேபைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி 32. வேறொரு நிரல் ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எஸ்கியூஎல் செர்வர் ஓடும்வரை டேட்டாபேஸின் .எம்டிஎஃப், .எல்டிஎஃப் ஃபைல்களை விடாது. சர்வீஸை நிறுத்திவிட்டு நகலெடுக்கும் பழக்கத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏதோ காரணத்தால் சர்வீஸ் மறுபடி எழாவிட்டால் காலையில் பில் போட முடியாது. உள்ளூர் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அந்த .பேக் ஃபைலை நகர்த்துவதே சரி:

பேக்கப் டேட்டாபேஸ் விற்பனை டு டிஸ்க் = 'டி:\பேக்கப்\விற்பனை.பேக்' வித் இனிட், செக்சம்

'இனிட்' இல்லாவிட்டால் ஒவ்வொரு நாள் பேக்கப்பும் அதே ஃபைலின் வாலில் ஒட்டும். ஃபைல் ஊதிக்கொண்டே போவதைவிட மோசமானது வேறு: மீட்கும்போது எண் குறிப்பிடாவிட்டால் முதலில் ஒட்டியது, அதாவது இருப்பதிலேயே பழையதுதான் வரும். இந்தக் கட்டளையை ஸ்கிரிப்டிலிருந்து எஸ்கியூஎல்சிஎம்டி (எஸ்கியூஎல் கட்டளைகளை ஓட்டும் கருவி) வழியாக ஓட்டும்போது '-பி' சேருங்கள் (ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்து, சிறியது). அது இல்லாமல் பேக்கப் தோற்றாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது, நேற்றைய ஃபைலை வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பேக்கப்பிலேயே பிழை 5 வந்தால், டி:\பேக்கப் ஃபோல்டரில் எழுதும் அனுமதியை உங்கள் கணக்குக்கு அல்ல, எஸ்கியூஎல் சர்வீஸ் ஓடும் கணக்குக்குக் கொடுக்க வேண்டும்.

ரோபோகாப்பி திருப்பித் தரும் எண்ணும் பலரைக் குழப்புகிறது. ஷெட்யூலரில் 0எக்ஸ்1 என்று தெரிந்தால் தோல்வி அல்ல, நகல் நடந்தது என்று அர்த்தம். 8-க்குக் கீழே உள்ளவை பிழையில்லை. 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. ஸ்கிரிப்டில் 'இஃப் எரர்லெவல் 8' என்று எழுதினால் போதும், '8 அல்லது அதற்கு மேல்' என்றே அது எடுத்துக்கொள்ளும். தினசரி பேக்கப்பில் 0 வந்தால் சந்தேகப்படுங்கள். நகலெடுக்கப் புதிதாக எதுவும் இல்லை என்றால் இன்றைய பேக்கப் உருவாகவே இல்லை. /எம்ஐஆர் என்ற சுவிட்சை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்: மூல ஃபோல்டர் காலியானால் மறுபுறத்தையும் துடைத்துவிடும்.

ஃபைல் பெயரில் தேதி சேர்ப்பவர்கள் '%டேட்%' மாறியைத் தவிர்க்கவும். அதன் வடிவம் கணக்குக்குக் கணக்கு மாறும், சாய்கோடு வந்தால் ஃபைல் பெயராகவே ஆகாது.

வந்து சேர்ந்த ஃபைலின் அளவை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. முழு அளவு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கலாம். இருபுறமும் 'செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்' கட்டளையை, ஃபைல் பெயருக்குப் பின்னால் 'எஸ்ஹெச்ஏ256' சேர்த்து ஓட்டி, வரும் கைரேகை போன்ற எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். மாதம் ஒரு முறை இரண்டாவது கம்ப்யூட்டரில் வேறு பெயரில் மீட்டு, கடைசி பில் எண்ணைத் தேடுங்கள். அங்கே இருக்கும் எஸ்கியூஎல் செர்வர் அதே பதிப்பாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும்; 2019-இல் எடுத்த பேக்கப்பை 2017 ஏற்காது.