நெல்லைச் சீமைக்கு லேப்டாப்போடு வருகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு கடிதம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து லண்டன் அலுவலக லேப்டாப்பைத் திறந்தேன். பிற்பகல் ஒன்றரை மணி. லண்டனில் காலை ஒன்பது. கடவுச்சொல்லைப் போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, திரை பூட்டிக்கொண்டது. முந்தின வெள்ளிக்கிழமை வரை லண்டனிலிருந்து நுழைந்த கணக்கு, திங்களன்று தாமிரபரணிக் கரையிலிருந்து நுழைந்தால் கணினிப் பாதுகாப்புப் பிரிவினர் என்ன நினைப்பார்கள்? திருட்டு என்றுதான் நினைத்தார்கள்.

“ஊரிலிருந்தே இரண்டு வாரம் வேலை பார்க்கிறேன்” என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு எழுத்தில் சாட்சி இல்லை. கணக்கைத் திறந்துவிட ஆறு நாள் ஆயிற்று. ஆறும் என் விடுப்பில் கழிந்தன, மனிதவளத் துறையிடமிருந்து ஒரு கண்டிப்பான கடிதமும் வந்தது. பேரன் ஆறு நாளும் சும்மா இருந்தான் என்பதில் ஆச்சிக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம்.

அதன்பிறகு இரண்டு முறை முறைப்படி எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் சீசன் நேரத்தில் சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி என்று திசைக்கொருவராக எங்கள் தெருவுக்கு வந்து சேர்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மேலாளரிடம் சொன்னால் போதாதா அண்ணாச்சி? போதாது. வெளிநாட்டு வேலையை ஊரிலிருந்து செய்ய நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

எப்போது கேட்க வேண்டும்

வேலை செய்யும் நாடு மாறுகிறதென்றால், ஒரு நாளானாலும் கேட்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் ‘வீட்டிலிருந்து வேலை செய்யலாம்’ என்று இருக்கிறதா? அந்த வீடு நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாட்டில் இருக்கும் வீடு. பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்கு அந்த வரி பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை செய்யலாம் என்று சில நிறுவனங்களே ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அங்கேயும் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் அந்த நாட்கள் உங்களுக்கு.

விடுப்பில் இருக்கும்போது கைப்பேசிக்கு வந்த மின்னஞ்சலுக்கு ‘திரும்பி வந்து பார்க்கிறேன்’ என்று பதில் போடுவதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை. கூட்டத்தில் உட்கார்வது, கோப்பைத் திருத்துவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் வேலை. அரை மணி நேரமானாலும் வேலைதான்.

வி.பி.என். போட்டு லண்டனில் இருப்பதுபோலக் காட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லும் மைத்துனர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். கேட்காதீர்கள். லேப்டாப்பின் நேர அமைப்பு, அருகிலுள்ள வைஃபைகளின் பெயர், அழைப்பின் பின்னணியில் பஸ்ஸின் ஏர்ஹாரன் என்று காட்டிக்கொடுக்க ஆயிரம் உண்டு. அனுமதி கேட்காமல் வேலை செய்தது கவனக்குறைவு என்று மன்னிக்கப்படலாம். இருக்கும் இடத்தை மறைத்தது நம்பிக்கைத் துரோகமாகப் பார்க்கப்படும். வேலை போவது பெரும்பாலும் இரண்டாவதற்காகத்தான்.

அவர்கள் ஏன் தயங்குகிறார்கள்

முதல் காரணம் வரி. இந்திய மண்ணில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம், எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும், இந்தியாவில் ஈட்டிய வருமானம் என்பதே நம் வருமான வரிச் சட்டத்தின் பார்வை. பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் குறுகிய காலம் வருபவர்களுக்கு விலக்குத் தருகின்றன. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: வரி ஆண்டில் 183 நாளுக்கு மேல் இந்தியாவில் இருக்கக் கூடாது, சம்பளம் தருபவர் இந்திய நிறுவனமாக இருக்கக் கூடாது, அந்தச் சம்பளச் செலவை அவருடைய இந்தியக் கிளை ஏற்கக் கூடாது. நம்மவர்கள் முதல் நிபந்தனையை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்குக் காலை வாருவது மூன்றாவது. சென்னையிலோ பெங்களூரிலோ கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில், ‘இந்தியாவில் இருக்கும் வரை சம்பளத்தை அந்தக் கிளைக் கணக்கில் சேர்த்துவிடலாம்’ என்று யாராவது நல்லெண்ணத்தோடு செய்துவிட்டால், 20 நாள் வேலைக்கும் விலக்குப் போய்விடும்.

இந்திய வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வெளிநாட்டிலிருந்து வந்து போகும் இந்தியக் குடிமக்களும் இந்திய வம்சாவளியினரும் ஒரு வரி ஆண்டில் 182 நாளை எட்டினால் வரிச் சட்டத்தின் பார்வையில் இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார்கள். வாடகை, வட்டி என்று இந்தியாவில் வரும் வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்த எல்லை 120 நாளாகச் சுருங்கலாம். தை மாதம் ஒரு வருகை, அதே வரி ஆண்டின் ஆடியில் ஒரு வருகை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். வந்த நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள், அதுதான் பத்திரம்.

இரண்டாவது பயம் நிறுவனத்தினுடையது. நீங்கள் இங்கே உட்கார்ந்து அதன் பெயரில் பேரம் பேசி ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டிருந்தால், அந்த நிறுவனம் இந்தியாவிலேயே தொழில் நடத்துவதாக வரித் துறை கருத இடமுண்டு. அதனால் கணினி நிரல் எழுதுபவருக்கு எளிதாகக் கிடைக்கும் அனுமதி, விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் இருக்கும் நாட்களில் கையெழுத்திடும் பொறுப்பைச் சக ஊழியரிடம் விட்டுவிடுகிறேன் என்று நீங்களே எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

தரவு விஷயம் சுருக்கமானது. வாடிக்கையாளர் விவரம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், அதை இங்கிருந்து திறந்து பார்ப்பதே மீறல் ஆகலாம். அமெரிக்காவில் ராணுவம், விண்வெளி சார்ந்த தொழில்நுட்பத்தில் இருப்பவர்கள் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது; அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கோப்புகளுக்கும் உண்டு. மருத்துவமனை, வங்கி ஊழியர்களும் இரண்டு முறை கேளுங்கள்.

எந்தக் கடவுச்சீட்டு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் இங்கே வேலை செய்ய விசாக் கேள்வி இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் பத்திரிகை, மதப் பிரசாரம், ஆராய்ச்சி போன்ற சில பணிகளுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இணைய வழிச் சுற்றுலா விசாவில் வருபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்த விசா ஊர் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தரப்படுவது. சில நாடுகள் தருவதுபோல எங்கிருந்தும் வேலை செய்வோருக்கான தனி விசா இந்தியாவில் இல்லை. கணவரிடம் ஓ.சி.ஐ. இருந்து மனைவி சுற்றுலா விசாவில் வரும் குடும்பங்களில், மனைவியின் நிறுவனம் மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

திரும்பிப் போகும் நாட்டின் விதியையும் மறந்துவிடக் கூடாது. அமீரக வசிப்பு விசா ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகக் காலாவதியாகிவிடும். பிரிட்டனில் வேலை விசாவில் இருந்து நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருப்பவர்கள் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அம்மாவைப் பார்க்க வந்து இங்கிருந்து வேலை செய்த நாளும் அதில் சேரும். அமெரிக்காவில் எச்-1பி எனும் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு 2025 டிசம்பர் ஒரு பாடம்: சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் புது நடைமுறையால் இந்தியாவில் விசா நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போக, இரண்டு வாரத்துக்கென்று வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விசா முத்திரைக்காக வருபவர்கள், தாமதமானால் இங்கிருந்தே வேலை செய்ய விடுவீர்களா என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை முறையை மாற்றித் தரும்படி கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிகளும் அதே இரண்டு மாதத்தையே சொல்கின்றன. இரண்டும் கேட்பதற்கான உரிமைதான். வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய விட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: ஆடிக்கு வருவதென்றால் வைகாசி பிறக்கும் முன்பே கடிதம் போக வேண்டும். டிக்கெட் அதற்குப் பிறகு.

மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அதில் எத்தனை நாள் விடுப்பு, எத்தனை நாள் வேலை, எந்த முகவரியில் இருப்பீர்கள், எந்தக் கடவுச்சீட்டில் வருகிறீர்கள், எந்தக் கோப்புகளைத் தொடுவீர்கள், இந்த வரி ஆண்டில் ஏற்கெனவே இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என் அனுபவத்தில் மூன்று வார விடுப்போடு ஒட்டிய இரண்டு வார வேலைக்கு அனுமதி கிடைக்கிறது. மூன்று மாதம் என்றால் கடிதம் வரித் துறை ஆலோசகரிடம் போய் அங்கேயே உறங்கிவிடுகிறது.

அப்பாவையோ அம்மாவையோ ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று பதறி வருபவர்களுக்கு நான் சொல்வது வேறு. வேலை அனுமதி கேட்டு மல்லுக்கட்டாமல் விடுப்புக் கேளுங்கள். பிரிட்டனில் பராமரிப்பு விடுப்பாக ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாமல் எடுக்க உரிமை உண்டு. வார்டு வராந்தாவில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்ப்பது நோயாளிக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது.

நேரத்தையும் ஊர் மணியிலேயே எழுதிக் காட்டுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு நம் அரை மணிக் கணக்கு எப்போதும் தகராறு. லண்டன் ஒன்பது மணி நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க் ஒன்பது மணி கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சிங்கப்பூர் ஒன்பது மணி காலை 6.30. துபாய் ஒன்பது மணி 10.30.

ஊரின் கணக்கு

இந்த நேரக் கணக்கை மின்வாரியத்தின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று துணை மின்நிலைய வாரியாக, பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தின நாளே நாளிதழில் அறிவிப்பு வரும். லண்டன்காரர் பெரும்பாலும் அதில் தப்பித்துவிடுவார். சிங்கப்பூர்காரருக்குப் பாதி வேலைநாள் போய்விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் போதாது, வைஃபை பெட்டியும் அதில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, இணையம் செத்துக் கிடப்பது பல வீடுகளில் நான் பார்த்த காட்சி.

அடுத்தது கோவில் கொடை விழா. சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை நடக்கும் தெருவில் உங்கள் வீடு இருந்தால், மைக்செட் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையும் நியூயார்க் பிற்பகல் கூட்டமும் ஒரே நேரத்தில் வரும். வில்லுப்பாட்டுக்கு முன்னால் இரைச்சலை அடக்கும் எந்த ஹெட்போனும் நிற்காது. அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கொடையைப் பாருங்கள். அல்லது நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டல் அறை எடுங்கள்.

டிசம்பரில் வருபவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டு, பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை. அப்படி ஆனால் அந்த நாட்கள் விடுப்பா, வேலையா என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கருவிகளைப் பற்றி இரண்டு சொல். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். அலுவலகத்தது ஒன்று, சொந்தமானது ஒன்று என இரண்டு கொண்டுவந்தால், இது நிறுவனத்தின் உடைமை என்ற கடிதம் பையில் இருக்கட்டும். மாஞ்சோலைப் பக்கம் மலையில் சிக்னல் கிடைக்காதே என்று செயற்கைக்கோள் தொலைபேசி எதையும் எடுத்து வராதீர்கள். உரிமமின்றி வைத்திருந்தால் இந்தியாவில் கைதுவரை போகும். உள்நுழைவுக் குறியீடு வரும் வெளிநாட்டு எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் அனுமதி இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும் குடும்பமாக இருந்தால், குடில் போட்டுத் தங்கும் அந்த நாட்களை முதலிலேயே விடுப்பில் எழுதிவிடுங்கள். அது புலிகள் காப்பகத்துக் காடு. அங்கிருந்து அலுவலகக் கூட்டத்தில் சேர்வதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.